மேஸ்திரியின் ரயில் நீண்டுகொண்டே போகிறது

அக்டோபர் 23, வியாழன்

தீபாவளி முடிந்தது. என் தொண்டையும் அதோடு முடிந்தது. காது மூக்கு டாக்டர் உள்ளே குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு மாசத்துக்குப் பேச்சைக் குறைங்க" என்றார். "எவ்வளவுங்க குறைக்கோணும்?" என்று கேட்டேன். "இப்பக் கேட்டீங்க பாருங்க, அதையும்" என்றார்.

குறைத்த பேச்சை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? லைனிங் துணிக்கடைக்காரர் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இதில் கொட்டுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் வாத்தியார் வீட்டுக்குக் கொத்தமல்லி ஆய்ந்து கொடுத்தே போய்விட்டது. பிழை இருந்தால் டைரிதான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போத்தனூரில் ரயில்வே கேட்டை ஒட்டி எங்கள் லைன் வீடு. முன் அறையில் தையல் கடை, பின் அறையில் நான். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஒன்பது வருசம். பிள்ளை இல்லை, பேசுவதற்கு ஊரே இருக்கிறது. கடையில் துணைக்கு நூர்ஜஹான். காஜா, ஹெம்மிங், வாய், மூன்றும் அவள் பொறுப்பு. அடுத்த வீட்டில் வெள்ளியங்கிரி இருக்கிறார். பம்பு ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் மாதிரி செய்து கொடுக்கிற பேட்டர்ன் மேஸ்திரி. அதை மண்ணில் பதித்துத்தான் இரும்பை ஊற்றுவார்கள். கல்யாணமே பண்ணாத ஆள். நாள் முழுக்க அவர் பேசுவதை நான் ஊசி கோக்கிற நேரத்தில் பேசிவிடுவேன்.

அவர் இன்று ஒரு கறுப்புக் குடையைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"கம்பி ஒடிஞ்சிருச்சுங்களா?"

"துணி மட்டும் வேணுமுங்க. மடிப்பு மடிப்பாத் தைக்கோணும். ரெண்டு ரயில்பெட்டிக்கு நடுவால வர்ற துருத்தி."

"ரயிலுக்கா? பரவாயில்லையே, ஸ்டேசன் மாஸ்டருக்கு நம்ம கடை தெரிஞ்சிருக்குது."

"சின்ன ரயிலுங்க" என்று கைகளை ஒரு முழத்துக்கு அகற்றிக் காட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த ஆளைக் கேலி செய்வது கருங்கல்லில் ஊசி இறக்குகிற வேலை. அதனால்தான் விட மனம் வருவதில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

ரயிலைப் பார்க்கப் போனேன். துருத்திக்கு அளவு எடுக்க வேண்டுமே.

நம் ஊர் ரயில் இல்லை. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஓடிய வகையாம். உடம்பெல்லாம் வெள்ளித் தகடு, தகட்டில் நெடுக வரி வரியாக மேடு. மூலை முடுக்கு எதுவும் கிடையாது. காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகக் கூரை வளைந்து இறங்குகிறது. சக்கரம் தெரியாமல் கீழே தகட்டில் பாவாடை. கடைசிப் பெட்டியின் பின்புறம் கோழிமுட்டை போல உருண்டை, சுற்றிலும் கண்ணாடி. நாற்பத்தெட்டில் ஒரு பங்காகக் குறைத்துச் செய்கிறார். உள்கூடு மரம், மேலே அலுமினியம். தகட்டில் அந்த வரி விழுவதற்கென்றே இரண்டு பள்ளம் வெட்டிய உருளை செய்து வைத்திருக்கிறார். தகட்டை நடுவில் விட்டுக் கைப்பிடியைச் சுற்றினால் முறுக்கு பிழிகிற மாதிரி வரி வரியாக வெளியே வருகிறது. நானும் ஒன்று சுற்றினேன். கோணலாக வந்தது. அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துக்கொண்டார்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் புதிதாக ஓட்டல் கட்டுகிற ஒருவர் கேட்டிருக்கிறார். சாப்பிடுகிற ஹாலின் சுவரைச் சுற்றித் தலைக்கு மேலே பலகை அடித்து, அதில் ஓட வேண்டுமாம். தை மாதம் திறப்பு. மொத்தம் ஐந்து பெட்டி.

"இது முடிஞ்சா அடுத்து என்ன, ஏரோப்ளேனா?" என்றேன்.

"இது முடிஞ்சா ஓசூருங்க. அக்கா மாடியில ரூம் கட்டி வெச்சிருக்குது. அங்கயும் ஃபவுண்டரி இருக்குது. ரயிலு முடிஞ்சதும் வந்தறன்னு வாக்குக் குடுத்துட்டன்."

ஓசூர் நல்ல ஊர். குளிர்ச்சியான ஊர். ரோஜாப்பூ விளைகிற ஊர். அக்காவோ வயசானவர். போவதுதான் முறை. நல்ல ஊர்தான். நாளைக்கு மறக்காமல் கான்வாஸ் வாங்க வேண்டும்.

அக்டோபர் 29, புதன்

மழை. கரண்ட் இல்லை. துருத்தி மடிப்புச் சரியாக வரவில்லை.

நவம்பர் 3, திங்கள்

துருத்தியைத் தைத்து, பிரித்து, மறுபடி தைத்தேன். மடிப்பு நெருக்கமாகப் போனால் பெட்டி வளையும்போது இழுக்கும். தளர்வாக விட்டால் தொப்பை மாதிரி தொங்கும். நூரு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா, கல்யாணச் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க உங்களுக்கு அரை மணி நேரம். இந்தக் குடைத்துணி ஒரு வாரமா மெசின் மேலயே குடித்தனம் பண்ணுது."

"நுணுக்கமான வேலைடி."

"அது சரி. இன்னொன்னு கேக்கறன். பால்காரர் அண்ணன், கேஸ்காரர் அண்ணன், கரண்ட் கணக்கெடுக்க வர்ற பொடியன்கூட உங்களுக்கு அண்ணன். இவரு மட்டும் ஏனுங்க மேஸ்திரி?"

"அவரு மேஸ்திரிதானேடி."

"கேஸ்காரரு கேஸ்காரருதானே."

டாக்டர் பேச்சைக் குறைக்கச் சொன்னது சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது.

நவம்பர் 9, ஞாயிறு

துருத்திகளை மாட்டினோம். அவர் பெட்டியை இப்படியும் அப்படியும் வளைத்துப் பார்த்தார். துருத்தி ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிந்தது. "நல்லாருக்குதுங்க" என்றார். அவர் வாயில் இது பெரிய பாராட்டு. பூமாலை போட்ட மாதிரி.

இரண்டு பெட்டிதான் பாக்கி என்றும் சொன்னார். கார்த்திகை தீபத்துக்குள் முடித்துவிடுவாராம்.

சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மேசை, மேசைமேல் துளியூண்டு விளக்கு, பட்டாணி அளவு தட்டு.

"தட்டெல்லாம் இருக்குதுங்க. சாம்பார் எங்கிருந்து வரும்?"

"என்னங்க?"

"சாப்பிடற பெட்டி இருக்குது, அடுப்படி எங்க? அமெரிக்காக்காரன் வீட்டுல இருந்து தூக்குப்போசியில சோறு கொண்டாருவானா?"

அவர் ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன்.

நவம்பர் 10, திங்கள்

காலையில் கடைக்கு வந்தார். "நீங்க சொன்னது சரிதானுங்க. ஓட்டல்காரர்கிட்டப் பேசிட்டன். சமையல் பெட்டி ஒண்ணு செய்யறன்."

ஐந்து ஆறாகிவிட்டது. நூரு வாயில் கடித்திருந்த நூலைத் துப்பிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்தேன். மேகம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 18, செவ்வாய்

படுக்கைப் பெட்டிக்குத் திரைச்சீலை தைத்தேன். ஒவ்வொன்றும் தபால்தலை அளவு. முதலில் மஞ்சளில் தைத்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீலம் வேணுமுங்களா?"

"இல்லீங்க, நல்லாருக்குது."

"நீலமா இருந்தா வெள்ளித் தகட்டுக்கு எடுப்பா இருக்குமுங்க" என்று நானே எல்லாவற்றையும் பிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். நீலத்தில் புதிதாகத் தைக்க வேண்டும். தைத்தால் ஆயிற்று. அவசரம் என்ன இருக்கிறது.

உட்கார வைப்பதற்குப் பயணிகளும் செய்திருக்கிறார். ஒருவன் பேப்பர் படிக்கிறான். ஒருவனுக்குத் தொப்பி. எல்லோரும் தனித்தனியாக ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏனுங்க மேஸ்திரி, ரயிலு முழுக்கக் கல்யாணம் ஆகாதவங்களா? ஒருத்தரோட ஒருத்தர் பேச மாட்டாங்களா?"

அவர் காது இரண்டும் சிவந்துபோயிற்று. கருங்கல்லில் ஊசி இறங்கியது.

நவம்பர் 24, திங்கள்

டாக்டர் தொண்டையைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, குறைச்சிருக்கீங்க போல" என்றார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். கடைக்கு வந்து நூருவிடம் சொன்னபோது, தையல் மிசின்மேல் விழுந்து விழுந்து சிரித்தாள்.

நவம்பர் 30, ஞாயிறு

பேப்பர் படிக்கிறவன் இருக்கையைத் திருப்பி வைத்து எதிரே ஒரு பெண் பயணியை உட்கார வைத்திருக்கிறார். சேலை கட்டியிருக்கிறாள். அமெரிக்க ரயிலில் சேலை.

"இந்தம்மா எங்க போறாங்க?"

"தெரியலீங்க" என்றார். பேப்பர்காரனை நூலிழை நகர்த்தி வைத்துவிட்டு, "அவங்கதான் சொல்லோணும்" என்றார்.

நான் பேச்சை மாற்றுகிற வேகத்தில், "சரி, இத்தன பேரோட பெட்டி படுக்கையெல்லாம் எங்க வெப்பாங்க? தலைமேலயா?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

"லக்கேஜுப் பெட்டி ஒண்ணு வேணுமுங்க இல்ல?" என்றார். அவர் அவ்வளவு வேகமாகப் பதில் சொல்லி நான் பார்த்ததில்லை.

ஏழாயிற்று. ஓட்டல்காரர் சந்தோசப்பட்டாராம். பெட்டி கூடினால் அவருக்குக் கசக்குமா?

டிசம்பர் 7, ஞாயிறு

இன்று பெரிய விபத்து. ஆள் சேதம், தொப்பிக்காரன் மட்டும்.

ஓட்டல் ஹாலின் மூலையில் தண்டவாளம் எப்படி வளைகிறதோ அதே வளைவைப் பலகையில் போட்டு, பெட்டிகளை இழுத்துப் பார்த்தோம். நேராகப் போகும்வரை ராணி மாதிரி போயிற்று. வளைவில் முதல் பெட்டியின் சக்கரம் திரும்பியது. திரும்பிய சக்கரம் பாவாடைத் தகட்டின் உட்புறம் போய் முட்டிக்கொண்டது. பெட்டி தண்டவாளத்தை விட்டு எழும்பி, பின்னால் வந்ததையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. தொப்பிக்காரன் ஜன்னல் வழியாக வெளியே வந்து விழுந்தான்.

மேஸ்திரி கீழே உட்கார்ந்துவிட்டார். "நிஜ ரயிலுக்கு இவ்வளவு வளைவு கிடையாதுங்க. இது முடியாதாட்டம் இருக்குது. பாவாடையை வெட்டோணும். வெட்டுனா அந்த ரயிலு அந்த ரயிலாவே இருக்காது."

அவரை அப்படி நான் பார்த்ததில்லை. கேலி பண்ணத் தோன்றவில்லை. நானும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"புதுப் பொண்ணுக்குப் பாவாடை தடுக்குனா நாங்க வெட்ட மாட்டமுங்க. உள்பக்கம் எங்க தடுக்குதோ அந்த இடத்துல மட்டும் கொஞ்சம் பிடிச்சு விடுவம். வெளியில இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது."

அவர் தகட்டின் உள்ளே விரல் விட்டுத் தடவினார். சக்கரம் வந்து உரசுகிற இடத்தில் மட்டும் உட்புறத்து மரச்சட்டத்தை அரத்தால் தேய்த்து எடுத்தார். தகட்டை அங்கே நகக்கண் அளவு வெளியே தள்ளினார். தள்ளியது தெரியவில்லை. அந்த வரி வரியான மேடு மறைத்துக்கொண்டது. பெட்டி வளைவில் திரும்பியது.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். பல் வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. இத்தனை வருசம் ஏன் மறைத்து வைத்திருந்தாரோ.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முடியாது என்று அவர் உட்கார்ந்தபோது நான் பேசாமல் இருந்திருக்கலாம். ரயில் முடியாமலே போயிருக்கும். நானே பிடித்துத் தள்ளி ஓட வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்கு வாய்தான் எதிரி.

டிசம்பர் 21, ஞாயிறு

ஏழு பெட்டியும் தயார். வரிசையாகக் கோத்து மேசையில் நிறுத்தியிருந்தார். கொஞ்சம் மெருகு போட்டால் வேலை முடிந்தது. தை வரைக்கும்கூடப் போகாது, மார்கழியிலேயே ஓசூர்.

இந்த ரயிலின் அழகே, ஏழும் தனித்தனிப் பெட்டி என்று தெரியக்கூடாது, ஒரே வெள்ளிப் பாம்பு மாதிரி கூரையும் ஜன்னல் வரிசையும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் சும்மா இருக்க மாட்டாமல் ஒரு நூலை எடுத்து முதல் பெட்டி ஜன்னலில் இருந்து கடைசிப் பெட்டி வரைக்கும் இழுத்துப் பிடித்தேன். கரை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம்.

ஐந்து பெட்டிக்கு நூல் சரியாக உட்கார்ந்தது. சமையல் பெட்டியிலும் லக்கேஜ் பெட்டியிலும் ஜன்னல் விளிம்பு நூலுக்கு மேலே போயிற்று. கூரையும் தூக்கல்.

"மேஸ்திரி, இது ரெண்டும் வளர்த்தியா இருக்குதுங்க."

அவர் வந்து பார்த்தார். ஸ்கேல் எடுத்து வைத்தார். வேறு ஸ்கேல் எடுத்து வைத்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "சுருக்க ஸ்கேல்ல அளந்துட்டனுங்க."

உருக்கி ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே பேட்டர்ன்காரர்களிடம் கோடுகளைச் சற்றுத் தள்ளித் தள்ளிப் போட்ட தனி ஸ்கேல் உண்டு. நாங்கள் தையலுக்குத் துணி விடுகிற மாதிரிதான். ஆனால் இந்த ரயில் எதிலும் ஊற்றப்போவதில்லை. சுருங்கவும் போவதில்லை.

"ரெண்டையும் மறுபடி செய்யோணுமுங்க" என்றார்.

"அடப் பாவமே" என்றேன். எவ்வளவு வேலை. எவ்வளவு நாள் ஆகும். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டுக்கு வந்து வெல்லம் பொடித்துக் கச்சாயம் சுட்டேன். நூருவுக்கு ஒரு போசி நிறையக் கொடுத்தேன். "என்னக்கா விசேசம்?" என்றாள். ஒரு விசேசமும் இல்லை. மார்கழிக் குளிருக்கு வாய் கேட்டது.

டிசம்பர் 29, திங்கள்

புதுப் பெட்டிகளுக்கு மரம் அறுக்கிறார். ரம்பச் சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் நன்றாகக் கேட்கிறது. பாட்டுப் பெட்டி தேவையில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

ஓசூர் அக்கா வந்துவிட்டார். பெயர் சம்பூர்ணம். கையில் ஒரு கூடை ரோஜா நாற்று, வாயில் எனக்குச் சளைக்காத பேச்சு.

"ஐப்பசியில வாரன்னான். கார்த்திகையில வாரன்னான். என்னடா ரயிலு இது, போத்தனூர்ல புறப்பட்டுப் போத்தனூர்லயே நிக்குது?" என்று தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு பெட்டி அளவு தப்பிருச்சுக்கா. சுருக்க ஸ்கேல்ல எடுத்துட்டன்."

அக்கா அப்படியே நின்றார். "நீயா?"

"கை மறதி."

அக்கா என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, இவன் பதினெட்டு வயசுல வேலைக்குப் போனவன். அந்த ஸ்கேலும் இந்த ஸ்கேலும் ஒரே டிராயர்ல வெக்க மாட்டான். சுருக்க ஸ்கேலுக்குச் சிவப்புப் பெயிண்டு வேற அடிச்சு வெச்சிருக்கறான். கண்ணக் கட்டிக்கிட்டு எடுத்தாலும் மாத்தி எடுக்க மாட்டானே."

மேஸ்திரி கூரையைப் பார்த்தார். எங்கள் லைன் வீட்டுக் கூரையில் பார்க்க எதுவும் கிடையாது, ஒட்டடைதான்.

எனக்கு அவசரமாக ஒரு வேலை ஞாபகம் வந்தது. வந்துவிட்டேன். என்ன வேலை என்று கடைக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். கிடைக்கவில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தேன், ரொம்ப நேரம். மிசினை மிதிக்காமலே கால் ஆடிக்கொண்டிருந்தது.

ஜனவரி 5, திங்கள்

அக்கா ரவிக்கை அளவு கொடுக்கிற சாக்கில் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் துருத்தி நீதான் தச்சியாமா?"

"ஆமாங்க அக்கா."

"எத்தன நாளாச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் நூரு, "அது ஆச்சுங்க ரெண்டு வாரம். திரைச்சீலைகூட மஞ்சள்ல தச்சு, பிரிச்சு, நீலத்துல தச்சாங்க. அடுப்படி வேணும், லக்கேஜுப் பெட்டி வேணும்னு சொன்னதும் இவங்கதான்" என்று வரிசையாக ஒப்பித்தாள்.

"நூரு, காஜா பாரு."

"காஜா முடிஞ்சிருச்சுங்க."

அக்கா கையைத் தூக்கி அளவு கொடுத்துக்கொண்டே சொன்னார். "உங்க ரெண்டு பேரையும் விட்டா அந்த ரயிலு ஓசூரையும் தாண்டிப் போயிரும். இங்க பாரு அம்மிணி. ஓட்டல் திறந்த அடுத்த நாளு நான் வேன் கொண்டாருவன். அவன் வாக்குக் குடுத்துட்டான். ஆராவது இருன்னு கேக்காம அவனா மாத்த மாட்டான். நான் கேக்க மாட்டன். ஆருக்கு வேணுமோ அவங்க கேட்டுக்கட்டும்."

"எனக்கென்னங்க அக்கா வேணும்? கழுத்து முன்னால எத்தன இறக்கம் வெக்கட்டும்?"

"வெச்சுக்க, வெச்சுக்க. இப்படியே வெச்சுக்க" என்றார். கழுத்தைப் பற்றிச் சொன்ன மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் ஆயிற்று. சமையல் பெட்டிக்குக் கூரை ஒட்டியாயிற்று. நூல் பிடித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது. நூலை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தும் பார்த்தேன். அப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 19, திங்கள்

நான் இந்த ஊரில் யாரிடம் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். சாவு வீட்டில் நான் உண்மையாக அழுதபோதுகூட ஒருத்தி, "மயிலாத்தா என்னமோ நடிக்கறாளாட்டம்" என்றாளாம். அப்படிப் பெயர் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு வார்த்தையை நிஜமாகச் சொல்ல வேண்டும் என்றால் எந்தக் குரலில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லி, அவர் அந்தப் பல்வரிசையைக் காட்டிச் சிரித்துவிட்டால்?

பாவாடை நாடா வாங்க வேண்டும்.

ஜனவரி 28, புதன்

ஓட்டல் திறப்பு. நூருவும் நானும், இதற்கென்று வந்திருந்த அக்காவும் போனோம். நாதஸ்வரம், பன்னீர், ஜாங்கிரி எல்லாம் இருந்தது. ஓட்டல்காரர் சுவிட்சைப் போட்டார்.

எழுத வரவில்லை எனக்கு. சுவர் ஓரமாகத் தலைக்கு மேலே அது புறப்பட்டு வந்தது. ஏழு பெட்டியும் ஒரே வெள்ளியாக. மூலையில் திரும்பியபோது நான் மூச்சை நிறுத்திவிட்டேன். துருத்தி சுருங்கி விரிந்து, பாவாடை தடுக்காமல், உருண்டைப் பின்புறம் மின்னிக்கொண்டு அந்தப் பக்கம் போயிற்று. குழந்தைகள் நாற்காலிமேல் ஏறினார்கள். பெரியவர்கள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு தலையைச் சுழற்றினார்கள்.

மேஸ்திரி என் பக்கத்தில் நின்றார். ரயிலைப் பார்க்கவில்லை; மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஒவ்வொரு சுற்றுக்கும்.

"நீங்க ஓசூர் போயிட்டா, இங்க துருத்தி கிழிஞ்சா ஆரு வந்து மாட்டுவாங்க?" என்றேன். எவ்வளவு நேரம் யோசித்து எடுத்த வாக்கியம். கடைசியில் கேலியாகத்தான் வந்து விழுந்தது.

"கிழியாதுங்க. நல்லாத் தச்சிருக்கறீங்க" என்றார்.

பாராட்டித் தொலைத்துவிட்டார். ஜாங்கிரி நன்றாக இருந்தது. ஒன்றைக்கூட முழுதாகத் தின்ன முடியவில்லை.

ஜனவரி 29, வியாழன்

வேன் வந்தது. காலையிலேயே. அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார். கட்டில் ஏறியது. வேலை மேசை ஏறியது. தகட்டுக்கு வரி போடுகிற உருளை ஏறியது. நான் கடையில் ஒரு ரவிக்கைக்குக் கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"அக்கா" என்றாள் நூரு.

"என்னடி?"

"ரெண்டும் வலது கை."

பார்த்தேன். துணியை முகத்துக்கு முகம் வைத்து மடிக்காமல் அப்படியே அடுக்கி வெட்டியிருக்கிறேன். தையல் பழகுகிற பிள்ளைகள்கூட முதல் வாரத்தோடு விட்டுவிடுகிற தப்பு. நூரு சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "போங்க" என்றாள்.

போனேன். அவர் உளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்தார். தெருவில் பால்காரர் நின்றுகொண்டிருந்தார், எதிர்வீட்டு அம்மா நின்றுகொண்டிருந்தார். வாயில் ஏழெட்டு வேடிக்கைப் பேச்சு வந்து வரிசையாக நின்றது. ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

"மேஸ்திரி, போகாதீங்க."

அவ்வளவுதான். வேறு எதுவும் சேர்க்கவில்லை. சேர்த்திருந்தால் கெட்டுப் போயிருக்கும்.

அவர் என்னைப் பார்த்தார். "கேலிங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க."

உளிப்பெட்டியை மெதுவாக வாசற்படியில் இறக்கி வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு வேன்காரரிடம் திரும்பி, "கட்டிலை இறக்கீருங்க" என்றார்.

முன் சீட்டில் இருந்து அக்காவின் தலை வெளியே வந்தது. "இந்த ஒத்தை வார்த்தைக்கு ஏழு பெட்டி செஞ்சீங்களாக்கும், ரெண்டு பேரும்?"

பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வந்து கட்டிலுக்கு ஒரு கை பிடித்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

அக்கா ஓசூரில் இருந்து நாள் பார்த்துச் சொல்லிவிட்டார். மருதமலையில் வைத்துக்கொள்வது, கூட்டம் வேண்டாம், நூரு கட்டாயம் வர வேண்டும். வீட்டுச் சொந்தக்காரரிடம் நடுச்சுவரில் ஒரு கதவு வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "அம்பது வயசுக்கு மேல ஓட்டைபோட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்றார். ஊரில் என்னைவிட வாய் நீளமான ஆட்கள் இருக்கிறார்கள் என்று இந்த வாரம்தான் தெரிந்தது. வாங்கிக் கட்டிக்கொள்கிறேன். கொடுத்தது கொஞ்சமா?

அவருக்கு ஒரு வெள்ளைச் சட்டை தைக்க வேண்டும். ஆம்பளைச் சட்டை நான் தைத்து வெகுகாலம் ஆகிறது. நூருவை அளவு எடுக்கச் சொன்னேன். "எனக்குக் காஜா இருக்குதுங்க" என்று நூல்கண்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

நானே எடுத்தேன். தோள், கை, கழுத்து. மார்பைச் சுற்றி டேப்பைக் கொண்டுவந்தபோது அவர் மரப்பலகை மாதிரி நின்றார். மூச்சே இல்லை.

"மூச்சு விடுங்க மேஸ்திரி. இல்லாட்டிச் சட்டை பத்தாமப் போயிரும்."

விட்டார். ஒரு அங்குலம் கூட்டி எழுதிக்கொண்டேன்.